கம்பைல் ஆயிடுச்சில்ல, அப்புறம் என்ன?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். ஆனா போன மாசம் நடந்த ஒரு விஷயம் மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருக்கு, எழுதித் தீத்துடறேன். கணினி சமாச்சாரம்தான். நிரல் எழுதாதவங்களும் பயப்படாம படிக்கலாம். இந்தப் பதிவுல முதல் திட்டு எனக்குத்தான், அப்புறம்தான் மத்தவங்களுக்கு.

ஓய்வு நேரத்துல ஒரு குட்டி லினக்ஸ் டிஸ்ட்ரோவுக்கு இருபது பேக்கேஜ் வரைக்கும் பாத்துக்கறேன். பழைய ஏஆர்எம் போர்டுகள்ல ஓடறது. சம்பளம் கிடையாது, ஆசைதான். அதுல ஒண்ணு, நெட்வொர்க்ல வர்ற பாக்கெட் ஒவ்வொண்ணும் எப்ப வந்துச்சுன்னு குறிச்சு வைக்கிற சின்ன நிரல்.

போன மாசம் ஒரு பொறியியல் மாணவர் கூப்பிட்டார். "அண்ணா, உங்க பேக்கேஜை வெச்சுத்தான் கடைசி வருஷ ப்ராஜெக்ட் பண்றேன். ரெண்டு போர்டுக்கு நடுவுல தாமதம் அளக்கறேன். எல்லாமே சைபர்னு வருது. நடுநடுவுல சரியா ஒரு செகண்டுன்னு வருது. ரெண்டு வாரமா கேபிளை மாத்திட்டேன், போர்டை மாத்திட்டேன், என் நிரலை மூணு தடவை திருப்பி எழுதிட்டேன். சார் வேற நான் டேட்டாவைக் கையால எழுதறேன்னு நினைக்கிறார்."

"தம்பி, தேதி நேரமெல்லாம் சரியா வருதா?"

"அதெல்லாம் கரெக்டா வருதுண்ணா. செகண்டுக்குக் கீழதான் எப்பவும் சைபர்."

மூலநிரலைத் திறந்து பாத்தேன். அதுல 2019-ல நான் போட்ட ஒரு பேட்ச். ஒரே வரி. மேல குறிப்பு: "புது கெர்னல் ஹெட்டரோட கம்பைல் ஆவதற்காக". அன்னைக்கு அதை அஞ்சே நிமிஷத்துல போட்டுட்டு, காப்பி குடிக்கப் போனது கூட ஞாபகம் இருக்கு. தம்பியோட ரெண்டு வாரத்தைத் தின்னது அந்த அஞ்சு நிமிஷம்தான்.

என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். ஹெட்டர்ங்கிறது தாலுகா ஆபீஸ் வாசல்ல தொங்குற பலகை மாதிரி. எந்த வேலைக்கு எந்த நம்பர் படிவம், படிவத்துல எத்தனை கட்டம், எல்லாம் அதுல இருக்கும். நிரல் அந்தப் பலகையைப் பாத்துத்தான் கெர்னல்கிட்ட போய்க் கேக்கும். "கடைசியா வந்த பாக்கெட் எப்ப வந்துச்சு?"ன்னு கேக்கற படிவத்துக்குப் பேரு எஸ்ஐஓசிஜிஸ்டாம்ப். வாய் வலிக்குது, இனிமே வெறும் ஸ்டாம்ப்.

32 பிட் கணினிகள்ல அந்தப் படிவம் மொத்தம் 8 பைட். செகண்டுக்கு 4, மைக்ரோ செகண்டுக்கு 4. 1970-ல இருந்து எண்ணிக்கிட்டு வர்ற செகண்டு, குறியோட இருக்கிற 4 பைட்டுக்குள்ள 2038 ஜனவரி 19 வரைக்கும்தான் அடங்கும். நம்ம ஊர் நேரப்படி அன்னைக்குக் காலை 8 மணி 44 நிமிஷம் 7 செகண்டோட கட்டம் நிரம்பிடும். அதுக்கு அடுத்த செகண்டு 1901-க்குப் போயிடும். அதனால கெர்னல்காரங்க பெரிய கட்டம் வெச்ச புதுப் படிவம் போட்டாங்க. செகண்டுக்கு 8, மைக்ரோவுக்கு 8, மொத்தம் 16 பைட். 2019 ஜூலையில வந்த லினக்ஸ் 5.2-ல இது வந்துச்சு.

பழைய படிவத்தை அவங்க தூக்கி எறியலை. பழைய நம்பருக்கு "பழசு"ன்னும், புது நம்பருக்கு "புதுசு"ன்னும் வால் ஒட்டினாங்க. ஸ்டாம்ப்ங்கிற பேரை மட்டும் ஏஎஸ்எம் ஹெட்டர்ல இருந்து எடுத்து, லினக்ஸ்/சாக்கியோஸ்ங்கிற ஹெட்டர்ல வெச்சாங்க. அங்க அந்தப் பேருக்குள்ள ஒரு புத்திசாலித்தனம் உண்டு. நிரல்ல நேரத்துக்கு ஒதுக்கின இடம் 8 பைட்டா இருந்தா பழைய நம்பர், பெருசா இருந்தா புது நம்பர், தானா மாறிக்கும். நிரல் எழுதறவன் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஹெட்டரைப் பேர் சொல்லிக் கூப்பிடணும்.

நம்ம ஆளுங்க யாரு பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க? காய்கறிக் கடையில கறிவேப்பிலை கொசுறா வருமே, அந்த மாதிரி, சாக்கெட் ஹெட்டரைக் கூப்பிட்டா அது இன்னொண்ணை இழுத்துக்கிட்டு வந்து, அதோட ஸ்டாம்ப்பும் கூடவே வந்துக்கிட்டு இருந்துச்சு. வருஷக்கணக்கா கொசுறுலயே சாம்பார் வெச்சுட்டோம். ஒரு நாள் கடைக்காரர் கறிவேப்பிலையைப் பக்கத்துக் கூடைக்கு மாத்தினதும், "சாம்பாரே போச்சு"ன்னு கூப்பாடு. க்யூஇஎம்யு மாதிரி பெரிய ப்ராஜெக்டே அன்னைக்கு உடைஞ்சுது. ஆனா அவங்க லினக்ஸ்/சாக்கியோஸை முறையா உள்ள கொண்டு வந்து, ரெண்டு படிவத்தையும் கையாள்ற மாதிரி திருத்தினாங்க.

நான் என்ன பண்ணினேன்? "ஸ்டாம்ப்னு ஒண்ணு இல்லைன்னா, அது ஹெக்ஸ்ல 8906னு வெச்சுக்கோ"ன்னு எழுதினேன். பழைய நம்பரை அப்படியே ஆணி அடிச்சு வெச்சுட்டேன். கம்பைல் ஆச்சு. ஓடவும் செஞ்சுது. அன்னைக்கு அது சரியான விடை கூட!

அப்புறம் எங்க டிஸ்ட்ரோ 64 பிட் நேரத்துக்கு மாறுச்சு. டெபியன் 2024-ல ஆயிரக்கணக்கான பேக்கேஜைத் திரும்பக் கட்டி இதே மாற்றத்தைச் செய்ய ஆரம்பிச்சு, 2025 ஆகஸ்ட்ல வந்த டெபியன் 13-ல வெளியிட்டாங்க. நாங்க எங்க அளவுல செஞ்சோம். என் பேக்கேஜ் ஒரு முணுமுணுப்பு கூட இல்லாம கட்டி முடிஞ்சுது. நிரல் இப்ப 16 பைட் இடம் ஒதுக்குது, ஆனா கேக்கறது பழைய படிவம். கெர்னலும் கேட்டதைக் குடுக்குது. முதல் 8 பைட்டை நிரப்பிட்டுப் போயிடுது. செகண்டு, பெரிய செகண்டுக் கட்டத்தோட கீழ்ப் பாதியில உக்காந்துச்சு. மைக்ரோ செகண்டு அதே கட்டத்தோட மேல்ப் பாதியில போய் உக்காந்துச்சு. மைக்ரோவுக்கான கட்டம் காலி.

இதோட கொடுமை என்னன்னா, அந்த நிரல் செகண்டை ஒரு 32 பிட் மாறியில வாங்கி வைக்குது. மேல்ப் பாதி அப்படியே வெட்டுப்பட்டுப் போயிடும். மிச்சம் இருக்கறது சுத்தமான செகண்டு! அந்த வெட்டு இல்லைன்னா பாக்கெட் ஆறேழு கோடி வருஷம் கழிச்சு வந்ததா காட்டியிருக்கும், முதல் நாளே எல்லாரும் சிரிச்சிருப்பாங்க. ரெண்டு தப்பு கைகோத்துக்கிட்டதால தேதியும் மணியும் கச்சிதமா இருந்துச்சு. மைக்ரோ மட்டும் எப்பவும் சைபர். தம்பிக்கு ஏன் சைபரும் ஒண்ணும் மட்டும் வந்துச்சுன்னு இப்பப் புரிஞ்சிருக்கும்.

இப்ப சண்டைக்கு வர்றேன்.

கெர்னல் ஹெட்டர் மாறி பேக்கேஜ் உடைஞ்சா, நம்ம உலகத்துல ஒரே ஒரு கேள்விதான் கேக்கறாங்க. "கம்பைல் ஆயிடுச்சா?" ஆயிடுச்சுன்னா வேலை முடிஞ்சுது, பச்சை விளக்கு, அடுத்த பேக்கேஜ். நான் சொல்றேன், உடைஞ்ச பில்டு நேர்மையானது. "இங்க ஏதோ மாறியிருக்கு, வந்து பாரு"ன்னு அது கத்துது. அதோட வாயைப் பொத்தினா அது பொய் சொல்ல ஆரம்பிக்கும். கத்தற குழந்தைக்கு என்ன வலின்னு பாக்காம வாயில துணி அடைக்கிற வேலைதான் நாம பண்றது.

துணி அடைக்க நாலு வழி உண்டு. நாலையும் நான் பாத்திருக்கேன், ரெண்டை நானே பண்ணியிருக்கேன்.

ஒண்ணு, நான் பண்ணின மாதிரி எண்ணை நேரா எழுதறது. கதை மேலே இருக்கு.

ரெண்டு, பழைய ஹெட்டரைக் காப்பி அடிச்சு பேக்கேஜுக்குள்ளயே வெச்சுக்கறது. "க்யூஇஎம்யு, ஐபிரூட்2 எல்லாம் கெர்னல் ஹெட்டரைத் தங்கிட்டயே வெச்சிருக்காங்களே"ன்னு கேப்பீங்க. வெச்சிருக்காங்க. ஆனா கெர்னல் மாற மாற அதைத் திரும்ப எடுத்து ஒத்து வைக்கிறாங்க, க்யூஇஎம்யு அதுக்குன்னே தனி ஸ்கிரிப்ட் வெச்சிருக்கு. நாம வைக்கிறது 2015-ல எங்கயோ சுட்ட அனாதைக் காப்பி. அதுக்கு அப்பன் யாருன்னு பேட்ச் போட்டவனுக்கே தெரியாது.

மூணு, ஹெட்டர் பேக்கேஜையே பழைய பதிப்புல நிறுத்தி வைக்கிறது. ஒரு சோம்பேறி பேக்கேஜுக்காக மொத்த டிஸ்ட்ரோவும் காத்துக் கிடக்கும். அதுக்குள்ள இன்னும் பத்து மாற்றம் சேர்ந்திருக்கும். கடைசியில திறக்கற அன்னைக்குப் பத்தும் ஒரே நேரத்துல உடையும், எது எதனாலன்னு பிரிச்சுப் பாக்கவே முடியாது.

நாலாவதுதான் ரொம்ப ஆபத்து. இதுல நாம கையைக் கூட அசைக்க வேண்டாம். கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஒரு ஹெட்டர் இருக்கான்னு சோதிக்கும். இல்லைன்னா "இல்லை"ன்னு ஒரு வரி எழுதிட்டு, அந்த வசதியே இல்லாம பேக்கேஜைக் கட்டிடும். பில்டு வெற்றி! ஆயிரம் வரி லாக்ல அந்த ஒரு "இல்லை"யை யாரு படிக்கறது? ஆறு மாசம் கழிச்சு ஒருத்தர் "போன பதிப்புல வேலை செஞ்சுதே"ன்னு வருவார்.

சரி, எதிர்வாதம் வரும்னு தெரியும். நானே இதையெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன்தான்.

"பயனர் நிரலை உடைக்க மாட்டோம்னு லினஸ் டோர்வால்ட்ஸ் தொண்டை கிழியக் கத்தறாரே, அப்புறம் ஏன் உடைக்கிறாங்க?" உடைக்கலை சாமி. அந்த வாக்குறுதி ஏற்கனவே கட்டி வெச்ச நிரலுக்கு. 2010-ல கம்பைல் பண்ணின பைனரி பழைய நம்பரோட போய்க் கேட்டா, கெர்னல் இன்னைக்கும் பழைய படிவத்தையே நிரப்பிக் குடுக்குது. எந்த ஹெட்டர் எந்த ஹெட்டரைக் கொசுறா இழுத்துக்கிட்டு வரும்னு யாரும் சத்தியம் பண்ணிக் குடுக்கலை.

"சொல்லாம கொள்ளாம மாத்தறாங்க." சில சமயம் உண்மை. பல சமயம் பொய். பக்கத்து வீட்டு ஜிலிப்சியைப் பாருங்க. மேஜர், மைனர்னு சாதன எண்ணைப் பிரிக்கிற மேக்ரோக்கள் பொதுவான டைப்ஸ் ஹெட்டர் வழியா கொசுறா வந்துக்கிட்டு இருந்துச்சு. 2017 பிப்ரவரியில 2.25 பதிப்புலயே "இனி சிஸ்மேக்ரோஸ் ஹெட்டரை நேரா கூப்பிடுங்க"ன்னு கம்பைலர் வழியா எச்சரிச்சாங்க. எடுத்தது 2018 ஆகஸ்ட், 2.28-ல. நடுவுல ஒன்றரை வருஷம். அதே மாதிரி சிஸ்சிடிஎல் ஹெட்டரை 2019-ல 2.30-ல வேண்டாம்னு சொல்லி, 2020-ல 2.32-லதான் தூக்கினாங்க. அதுல உடைஞ்ச சில பேக்கேஜ்ல அந்த ஹெட்டரைக் கூப்பிட்டிருந்தாங்களே தவிர, அதுல இருந்து ஒண்ணையும் பயன்படுத்தவே இல்லை! ஒரு வரியை அழிச்சா முடிஞ்சுது. எச்சரிக்கை மஞ்சளாத்தானே வருது, சிவப்பா வந்தாப் பாத்துக்கலாம்னு நாமதான் தூங்கினோம்.

அவங்க பக்கமும் தப்பு நடக்கும், மறுக்கலை. 2022 ஆகஸ்ட்ல வந்த ஜிலிப்சி 2.36-ல அவங்களோட மவுண்ட் ஹெட்டரும் கெர்னலோட மவுண்ட் ஹெட்டரும் முட்டிக்கிச்சு. ரெண்டையும் ஒரே கோப்புல கூப்பிட்டா, ஒரே பொருளை ரெண்டு தடவை வரையறுத்ததா கம்பைலர் கத்தும். ஒழுங்கா எழுதின பேக்கேஜ் கூட அடி வாங்கிச்சு. ஆனா அதுக்கப்புறம் நடந்ததைக் கவனிங்க. உடைஞ்சவங்க போய்ச் சொன்னாங்க, அதே மாசத்துல ஜிலிப்சி பக்கத்துலயே திருத்தம் வந்துச்சு. எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குள்ள துணி அடைச்சுட்டு உக்காந்திருந்தா அது வந்திருக்குமா?

"நாங்க தன்னார்வலர்கள், எங்களுக்கு ஏது நேரம்?" இதுதான் கடைசி அஸ்திரம். எனக்கும் நேரம் இல்லை. ஆனா நேரம் இல்லைன்னா செய்ய வேண்டியது பொய்த் திருத்தம் இல்லை, "இது உடைஞ்சிருக்கு"ன்னு பலகை மாட்டறது. ஃப்ரீபிஎஸ்டி போர்ட்ஸ்ல "உடைஞ்சது"ன்னு காரணத்தோட குறிச்சு வைக்க ஒரு தனி வரியே இருக்கு. டெபியன்ல மூலத்துல இருந்து கட்ட முடியலைன்னா அது வெளியீட்டைத் தடுக்கிற அளவுக்குப் பெரிய பிழை, யாரும் கவனிக்கலைன்னா பேக்கேஜ் அடுத்த வெளியீட்டுல இருந்து தானா விலகிடும். இதுல ஒரு அவமானமும் இல்லை. பலகை இருந்திருந்தா தம்பி வேற நிரலைத் தேடிப் போயிருப்பார். பலகை இல்லாததாலதான் பாலத்துல ஏறி நடுவுல விழுந்தார்.

அப்ப என்னதான் பண்ணணும்? பெரிய வித்தை ஒண்ணும் இல்லை.

பில்டு லாக்ல கடைசிப் பிழையைப் பாக்காதீங்க, முதல் பிழையைப் பாருங்க. மிச்சம் நூறும் அதோட குஞ்சுகள். பேர் காணோம்னு கத்துதா, ரெண்டு தடவை இருக்குன்னு கத்துதான்னு பிரிச்சுக்கங்க. காணோம்னா, பழைய ஹெட்டர் பேக்கேஜையும் புதுசையும் பக்கத்துல வெச்சு அந்தப் பேரைத் தேடுங்க. டெபியன்ல லினக்ஸ்-லிப்சி-டெவ், ஆர்ச்ல லினக்ஸ்-ஏபிஐ-ஹெட்டர்ஸ். மாட்யூல் கட்டறதுக்கான கெர்னல் ஹெட்டர் பேக்கேஜ் வேற, அதோட குழப்பிக்காதீங்க. பேர் எங்க போயிருக்குன்னு தெரிஞ்சதும் நிறுத்திடாதீங்க, ஏன் போச்சுன்னு கெர்னலோட கிட் வரலாற்றுல படிங்க. நான் அன்னைக்கு அந்த ஒரு குறிப்பைப் படிச்சிருந்தா, 64 பிட் நேரம்ங்கிற வார்த்தை கண்ணுல பட்டிருக்கும், எண்ணை எழுதற கை நின்னிருக்கும்.

அப்புறம் தேவையான ஹெட்டரைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. கட்டினதோட விடாம ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, முடிஞ்சா 32 பிட்லயும். கான்ஃபிகர் விடைகளை முந்தின பில்டோட ஒப்பிட்டு, எந்த "உண்டு" எந்த "இல்லை"யா மாறியிருக்குன்னு பாருங்க. கடைசியா, பேட்சை மூல ஆசிரியருக்கு அனுப்புங்க. டெபியன்காரங்க டெப்-3ன்னு ஒரு வழக்கம் வெச்சிருக்காங்க. பேட்ச் தலையிலேயே யார் எழுதினது, எதுக்கு, மேல அனுப்பியாச்சான்னு குறிக்கணும். "அனுப்பலை"ன்னு உங்க கையாலயே எழுதறப்போ கொஞ்சமாவது உறுத்தும்.

ஹெட்டர் பேக்கேஜைப் பாத்துக்கற புண்ணியவான்களுக்கும் ஒண்ணு. புதுசை வெளியிட்டுட்டு யார் யார் அலர்றாங்கன்னு வேடிக்கை பாக்கறது பராமரிப்பு இல்லை. ஃப்ரீபிஎஸ்டியில பெரிய மாற்றத்துக்கு முன்னாடி மொத்த போர்ட்ஸையும் சோதனையா ஒரு தடவை கட்டிப் பாப்பாங்க, எக்ஸ்ப்-ரன்னு பேரு. அவ்வளவு இயந்திரம் நம்மகிட்ட இல்லைதான். நம்மகிட்ட இருக்கற சில நூறு பேக்கேஜைக் கட்ட ஒரு பழைய கணினியும் ரெண்டு ராத்திரியும் போதும். எங்க டிஸ்ட்ரோவுல இதுவரைக்கும் யாரும் செய்யலை. நானும்தான்.

என் பேக்கேஜுக்கு இப்ப என்ன பண்ணினேன்? எண் எழுதின வரியை எடுத்துட்டேன். லினக்ஸ்/சாக்கியோஸைக் கூப்பிட ஒரு வரி சேத்தேன். செகண்டை வாங்கற மாறியை 64 பிட் ஆக்கினேன். மொத்தம் மூணு வரி. தம்பியோட போர்டுல போட்டுப் பாத்தோம், தாமதம் மில்லி செகண்டுல அழகா வந்துச்சு. மூல ஆசிரியருக்கும் அனுப்பிட்டேன். ரெண்டே நாள்ல சேத்துக்கிட்டார், நன்றின்னு ஒரு வரி வேற. 2019-லயே அனுப்பியிருந்தா, என் எண்ணைப் பாத்ததும் "இது தப்பு"ன்னு அவரே சொல்லியிருக்கலாம். பேட்சைப் பாக்கெட்லயே வெச்சிருந்ததால, சொல்ல ஆளில்லாமப் போச்சு.

தம்பி, "பரவால்லண்ணா, என் நிரல் மேல தப்பில்லைன்னு தெரிஞ்சதே போதும்"னார். அவரோட சார்கிட்ட நானே பேசி, தப்பு என் பேக்கேஜ்லதான்னு சொன்னேன். அந்த ரெண்டு நிமிஷம் பேசறதுக்குள்ள எனக்கு வேர்த்துப் போச்சு.

பேக்கேஜ் வெச்சிருக்கற நண்பர்களே, ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி உங்க பேட்ச் டைரக்டரியை ஒரு தடவை திறந்து பாருங்க. "கம்பைல் ஆவதற்காக"ன்னு ஒரு குறிப்பு இருந்தா, அதை முதல்ல படிங்க.

டிஸ்கி: நான் இன்னும் என்னோட இருபதையும் முழுசாப் பாத்து முடிக்கலை. பன்னெண்டு முடிஞ்சுது. அதுல இன்னொரு துணி கிடைச்சிருக்கு. அந்தக் கதை அடுத்த பதிவுல :-(